பதினெட்டு விநாடி

என் மகள் ஷெரிலின் ஐந்தாவது பிறந்தநாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தைச் சுற்றிப் பெரியவர்கள் மட்டும் பதினொரு பேர் இருந்தோம். எல்லார் கையிலும் போன். நான் அவளைத்தான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். கழுத்தளவு தண்ணீரில் அவள் நேராக நிற்பதுபோல் இருந்தது. தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்திருந்தது. வானத்தைப் பார்த்து விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பெற்ற தகப்பன்!

ஹவுஸ்கீப்பிங் யூனிஸ் அக்கா துடைப்பத்தை வீசிவிட்டு, சேலையோடும் செருப்போடும் குதித்தார். ஸ்டாஃப் யாரும் குளத்தில் இறங்கக் கூடாது என்று போர்டு மாட்டிய கமிட்டியில் நானும் ஒருவன்.

ஷெரில் அவர் தோளில் கிடந்து இருமினாள், தண்ணீரைக் கக்கினாள், பிறகு ஓவென்று அழுதாள். அவ்வளவு அழகான சத்தத்தை நான் கேட்டதேயில்லை.

"எப்படிக்கா தெரிஞ்சுது?"

"கத்திக்கினு ஆடுற பசங்களப் பத்தி எனக்குக் கவலையே இல்ல சார்," என்றார் முந்தானையைப் பிழிந்தபடி. "பாப்பா சத்தமே போடல. மூழ்குற புள்ளைக்குக் கத்த மூச்சு ஏது?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் பயமில்லை என்று சொன்ன பிறகு, வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பதினெட்டு விநாடி. என் மகள் இரண்டு முறை தண்ணீருக்குள் போய் வருகிறாள். ஒரு சொட்டுகூடத் தெறிக்கவில்லை. அவள் குரல் எங்குமே இல்லை. என் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

"இந்தப் பக்கம் திரும்பு கண்ணு. சிரி."