மூன்றாவது லேசர்

தோட்டாக்களைக் கார் ஷெட்டில் பூட்டிவிட்டுத்தான் என் கணவர் வெண்டெல் வீட்டுக்குள் துப்பாக்கிப் பயிற்சி செய்வார். துப்பாக்கிக்குள் ஒரு சின்ன லேசர் கருவியைப் பொருத்திக்கொள்வார்; விசையை அழுத்தினால் குண்டுக்குப் பதில் லேசர் ஒளி பாயும். எங்கே பட்டது என்று செல்போன் காட்டும்.

முதலில் வாங்கிய கருவி, அவர் சுட்டதெல்லாம் இடப்பக்கம் கீழே விழுவதாகக் காட்டியது. மட்டமான சரக்கு என்று திருப்பி அனுப்பினார். இரண்டாவதும் அதையே காட்டியது, அதையும் அனுப்பினார். இன்று மூன்றாவது வந்தது. மறுபடியும் இடப்பக்கம், கீழே.

"இதுவும் கோணல்தான், நார்மா!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துப்பாக்கியை வாங்கி, காலிதானா என்று பார்த்துவிட்டு, ஒரே ஒரு தடவை அழுத்தினேன். நட்டநடுவில் விழுந்தது புள்ளி.

"இப்ப என்ன சொல்றீங்க?"

வெண்டெல் செல்போனை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"பாத்தியா? உனக்கே நடுவுல காட்டுது. அப்ப இது சுத்தமா கெட்டுப்போன மிஷின்!" என்றபடி பார்சல் டேப்பைத் தேடிப் போனார்.