சிவப்பு எரியாத மூன்று நாள்

மருத்துவமனைக்குப் போகும் ரப்பர் கையுறைகளைச் சோதிக்கும் மேசையில் அவளுக்கு வேலை. இதுவரை தற்காலிகம்தான், வெள்ளிக்கிழமை மேலாளர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். சோதிப்பது என்னவோ கேமரா. ‘ஓட்டை விழுந்த கையுறை’ என்று எழுதிக் கொடுத்தால் போதும், சொல்லையும் படத்தையும் பொருத்திப் பார்த்துச் சிவப்பு விளக்கைப் போட்டுவிடும். வெளிச்சம் மாறினாலும் கண்ணாடியில் தூசி படிந்தாலும், வருகிற கையுறைகளைப் பார்த்துப் பார்த்துத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். அந்தச் சாமர்த்தியத்தில்தான் வந்தது வம்பு.

சிவப்பு எரிந்தால், ஏதோ அவளே பல்லால் கடித்து ஓட்டை போட்டதுபோல மேலாளர் எரிந்து விழுவார். புதன்கிழமையிலிருந்து சிவப்பு எரியவே இல்லை. அவருக்கு வாயெல்லாம் பல். அவளுக்கோ சந்தேகம். வெள்ளி மதியம் ஒரு கையுறையை ஊசியால் குத்திக் கேமராவுக்கு அடியில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. இன்னொன்றைக் குத்தி வைத்தாள். அதற்கும் பச்சைதான்.

மேசைக்குக் கையுறைத் தட்டுகளைக் கொண்டுவருவது அவள் கணவன்.

“ஏங்க, தட்டுல ஏதாவது கை வச்சீங்களா?”

அவன் முகத்தில் அப்படியொரு பெருமை. “கிழிஞ்சதையெல்லாம் முன்னாடியே பொறுக்கிப் போட்டுட்டேன். சிவப்பு எரிஞ்சா உன்னைத்தானே திட்டுறாரு?”

உதவி செய்கிறேன் பேர்வழி என்று, கண்ணுக்குத் தெரிந்த கிழிசலை எடுத்துவிட்டான். தெரியாத ஊசித்துளைகளை எப்படி எடுப்பான்? மூன்று நாளாக நல்லதையே பார்த்த கேமரா, வருவதெல்லாம் நல்லது என்று பழகி, அவற்றையும் நல்லதில் சேர்த்துவிட்டது. அந்த மூன்று நாள் பெட்டிகளும் வாசலில் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன.

மேலாளர் அறைக்கு ஓடினாள். “லாரியை நிறுத்துங்க சார். ஓட்டைக் கையுறையெல்லாம் அதுலதான் இருக்கு.”

“தெரிஞ்சுதான் பேசுறியா? இதுக்கப்புறம் நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

“அந்தக் கையுறையைப் போட்டுக்கிட்டு ரத்தத்துல கை வைக்கிறவங்க சார் ஆஸ்பத்திரிக்காரங்க. நிறுத்துங்க.”

அவர் பேனாவை மூடிவிட்டு வாசலுக்குப் போன் போட்டார்.

கேமராவைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, அவள் பெட்டிகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் பிரித்தாள். பெட்டிகளைத் திரும்பச் சுமந்துவந்த கணவன் பொருமினான்.

“உனக்காகத்தானே செஞ்சேன்? போய்ச் சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“நீங்க என்கிட்ட கேட்டீங்களா?”

அவன் அடுத்த பெட்டியை எடுக்கப் போனான்.