எட்டு எண்ணிக்கை மௌனம்

1

எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. போன வருடக் கச்சேரியில் முதலில் கைதட்டியது நானா, பக்கத்து இருக்கைக்காரரா? தட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அது யாருடைய கையிலிருந்து வந்தது என்பதுதான் தெளிவாக இல்லை. இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா அறுபது பாடகர்களையும் முப்பது வாத்தியக்காரர்களையும் மேடையில் நடத்துபவள். (‘நடத்துநர்’ என்று எழுதினால் பேருந்தும் விசிலும் ஞாபகத்துக்கு வருகின்றன. அவள் குழுவில் எல்லோரும் ‘மாஸ்டர்’ என்பார்கள். நான் அக்கா என்றே எழுதுகிறேன்.) அன்று அவர்கள் பாடிய பெரிய படைப்பில், கடைசிப் பக்கத்துக்கு முன்னால் எட்டு எண்ணிக்கைக்கு முழு மௌனம் வரும். யாரும் பாடுவதில்லை, யாரும் வாசிப்பதில்லை. அக்காவின் கைகள் மட்டும் மேலே நிற்கும். அது முடிந்ததும் அறுபது குரலும் ஒரு முரசடியும் ஒன்றாக வர வேண்டும்.

அந்த மௌனத்தில் யாரோ, கச்சேரி முடிந்துவிட்டது என்று கைதட்டினார்கள். அரங்கமே சேர்ந்துகொண்டது. அக்கா தடுமாற, கை இறங்கிவிட்டது. அவள் குழுவில் ஒரு விதி உண்டு: மாஸ்டரின் கை இடுப்புக்குக் கீழே போனால் பாடகர்கள் உட்கார வேண்டும். நாற்காலிச் சத்தம் இல்லாமல் உட்கார மாதக்கணக்கில் பழக்கியிருந்தாள். அறுபது பேரும் ஒரே அசைவில் உட்கார்ந்தார்கள். அன்று மாலை அவ்வளவு ஒழுங்காக அவர்கள் பாடக்கூட இல்லை. கடைசிப் பக்கம் பாடப்படாமலே போயிற்று.

2

ஆரம்ப வரிகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

‘இசை என்பது ஓசைகளுக்கு நடுவே உள்ள—’ (வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே மூடி வைத்துவிடுவேன்.)

‘தாளம் காட்டும் கோலை உயர்த்தியபோது அவள் கை நடுங்கியது—’ (பொய். கை நடுங்கவில்லை. வலது கை தோளுக்கு மேல் உயரவே மறுத்தது. இதை இவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லியாயிற்று.)

எனக்கு இசை தெரியாது. பார்க்கத் தெரியும். மேடையில் சத்தமே எழுப்பாத ஒரே ஆள் என் அக்கா. மற்றவர்கள் ஒலியோடு வேலை செய்கிறார்கள். அவள் அதற்கு அரை நொடி முன்னால் இருக்கிறாள். இனிமேல் வரப்போவதைக் கையால் காட்டி, அது வந்ததும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். அப்படி வாழ்கிறவளுக்கு நடந்து முடிந்த ஒன்றிலேயே வருடம் முழுக்கச் சிக்கிக் கிடப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள்.

3

இந்த வருடம் அதே படைப்பையே மறுபடி எடுத்தாள். கமிட்டி வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தது. கச்சேரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கறுப்புக் கோட்டின் அக்குள் இறுக்குகிறது என்று தையல்காரம்மாவின் கடைக்குப் போனாள். தையல்காரம்மா பதினோரு வருடமாகக் குழுவில் கீழ்க்குரல் வரிசையில் பாடுகிறவர்.

“கையத் தூக்குங்க மாஸ்டர்.”

அக்கா தூக்கினாள்.

“இன்னும்.”

“இவ்வளவு போதும். இந்த வருஷம் அடக்கமா நடத்தப் போறேன்.”

தையல்காரம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார்.

“அடக்கமா? நீங்களா? போன ஒத்திகையில என்னைத் திட்டினது மூணாவது தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.”

“சுருதி விட்டீங்க. திட்டினேன்.”

“தோளு எத்தனை நாளா இப்படி?”

அக்கா கண்ணாடியில் தன் கையைப் பார்த்தாள். தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, யாரோ கயிறு கட்டி நிறுத்தியதுபோல நின்றிருந்தது.

“நாலு மாசம். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. கமிட்டிக்குத் தெரிஞ்சா வேற ஆளப் பிடிச்சிடுவாங்க. அந்தக் கடைசிப் பக்கத்த மட்டும் முடிச்சுட்டேன்னா போதும், அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும்.”

“சத்தியமா சொல்ல மாட்டேன்.”

மறுநாளுக்குள் பாடகர்கள் அறுபது பேருக்கும் தெரிந்துவிட்டது.

(இங்கே எனக்குத் தையல்காரம்மாமேல் சந்தேகம் வருகிறது. கதைக்கு வசதியாக வந்து நிற்கிறார். ஒரு வரைவில் அவரை டாக்டராக மாற்றிப் பார்த்தேன். டாக்டர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டார். கதை அங்கேயே படுத்துவிட்டது. நிஜத்திலும் அவர் தையல்காரர்தான் என்பதால் அப்படியே விடுகிறேன்.)

அவர் மற்றவர்களிடம் சொன்னது இவ்வளவுதான்: “கை விழுந்தாலும் யாரும் உட்காரக் கூடாது. கையப் பாக்காதீங்க, மாஸ்டரோட வாயப் பாருங்க. அவங்க மூச்ச இழுத்தா நாம பாடுறோம்.”

“அவங்க வீட்டுக்காரருக்கு?” என்று யாரோ கேட்டார்கள். முரசு அடிப்பவர் என் மாமா, அக்காவின் கணவர்.

“அவருகிட்ட சொன்னா ராத்திரி சாப்பாட்டுக்குள்ள மாஸ்டர் காதுக்குப் போயிடும்.”

ஆக, அவருக்கு யாரும் சொல்லவில்லை.*

* மாமாவுக்கு அந்தப் படைப்பு முழுக்கப் பத்தொன்பது அடிகள்தான். மற்ற நேரமெல்லாம் எண்ணிக்கொண்டு நிற்பார். “வீட்டுலயும் இப்படித்தான்டா, உங்கக்கா கை காட்டினாத்தான் நான்” என்பார் என்னிடம்.

4

கச்சேரி ஞாயிறு பிற்பகல். நான் ஏழாம் வரிசையில், என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

இனி வருவது அக்கா பிற்பாடு துண்டு துண்டாகச் சொன்னது. இடையில் உள்ள ஓட்டைகளை நான் அடைத்திருக்கிறேன்.

முக்கால் மணி நேரம் தாங்கியாயிற்று. பெரிய வீச்சுகளை இடது கைக்கு மாற்றியிருந்தாள். மௌனம் வந்தது. இரண்டு கைகளும் நிற்க வேண்டும். ஒன்று. இரண்டு. தோளுக்குள் சூடான கம்பி ஒன்று திரும்பியது. மூன்று. அரங்கில் யாரும் இருமவில்லை. நான்கு. வலது கை அவளைக் கேட்காமலே இறங்கத் தொடங்கியது. அதைப் பிடிக்கப் போன இடது கையும் கூடவே இறங்கியது. ஐந்து. கைகள் இடுப்பைத் தாண்டின.

போச்சு, என்று நினைத்தாள். நாற்காலிகள் நிரம்பப்போவதைப் பார்க்க மனமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆறு. திறந்தபோது அறுபது பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர்கூட மடங்கவில்லை. இரண்டாம் வரிசையில் தையல்காரம்மா, ஊசியில் நூல் கோப்பவர்போலக் கண்ணைச் சுருக்கி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு எதுவும் புரியவில்லை. ஏழு. ஆச்சரியத்தில் மூச்சை இழுத்தாள். அவ்வளவுதான். அறுபது குரலும் வந்து விழுந்தன, ஒரு எண்ணிக்கை முன்னதாக. அடுத்த எண்ணிக்கையில், தன்னந்தனியாக, முரசு.

அதன்பிறகு கடைசிப் பக்கம் தானாகப் போயிற்று என்றாள். இடது கை விரல்கள் மட்டும், இடுப்பருகில்.

முடிந்ததும் நான் தட்டவில்லை. எல்லோரும் தட்டி ஓய்கிற வரை காத்திருந்து, அதன்பிறகு தட்டினேன். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

5

மேடைக்குப் பின்னாலுள்ள அறை.

“நீங்க ஏன் லேட்டா அடிச்சீங்க?”

“லேட்டா? எட்டு எண்ணினேன், அடிச்சேன். நீங்க அறுபத்தோரு பேருந்தான் அவசரப்பட்டீங்க.”

“எல்லாரும் ஒண்ணா பண்ணினா அதுக்குப் பேரு தப்பில்ல.”

“அப்ப என்னை எதுக்கு வருஷம் பூரா எண்ணச் சொன்னே?”

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். கோட்டைக் கழற்ற முடியவில்லை; மாமா ஒரு கையைப் பிடித்து இழுக்க, தையல்காரம்மா, “மெதுவா, தையல் போயிடும்!” என்று கத்தினார். நான் கதவருகில் நின்றேன். ஒரு வருடமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து வெளியே போனது.

எனக்கு இங்கே ஒரு முடிவு தேவைப்படுகிறது. மூன்று எழுதினேன். ஒன்றில் அக்காவிடம், “போன வருஷம் தட்டினது நான்தான்” என்கிறேன். அவள் கோலால் மண்டையில் ஒன்று வைக்கிறாள். இன்னொன்றில் “தெரியும்டா” என்கிறாள். (தித்திப்பு அதிகம்.) மூன்றாவதில் பக்கத்து இருக்கைக்காரர் வந்து பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். (அவ்வளவு நல்லவர்கள் எனக்குப் பக்கத்தில் உட்காருவதில்லை.)

மூன்றையும் உங்களிடம் விட்டுவிடுகிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், நான்காவது இருந்தாலும் சம்மதம்.

6

நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை மட்டும். அக்காவின் தோளுக்கு நான்கு மாதம் சிகிச்சை நடந்தது. கை இப்போது காது வரை போகிறது. கமிட்டி அவளை இன்னும் இரண்டு வருடத்துக்கு நியமித்திருக்கிறது. உட்காரும் விதியை அவள் எடுத்துவிட்டாள். மாமா இன்றும் தான்தான் சரி என்கிறார். தையல்காரம்மா முழங்கால் வலியால் குழுவிலிருந்து விலகிவிட்டார், கடை நடக்கிறது. பக்கத்து இருக்கைக்காரரை நான் போன வருடக் கச்சேரிக்குப் பிறகு பார்க்கவில்லை. போன வாரம் புதிய படைப்பு ஒன்றுக்கு ஒத்திகை தொடங்கியது.