பூஜ்யத்திலிருந்து பத்து வரை

மீன் ஏலக் கொட்டகையின் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அருள்மொழி, நோட்டை மூன்றாவது தடவையாகப் புரட்டினாள். இருபத்து நாலு மீன்காரப் பெண்கள், அத்தனை பேருக்கும் முழங்கால் வலி. ஆறு வாரமாக அவள் கொடுத்த எண்ணெயைத் தடவுகிறார்கள். வாரா வாரம் வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் சொல்ல வேண்டும். ஏழு, எட்டில் ஆரம்பித்தவர்கள் எல்லோரும் இப்போது ஒன்று, இரண்டில் வந்து நின்றார்கள். சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனால் பாதிப் பேர் புட்டியில்தான் நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய எண்ணெய். மீதிப் பேருக்கு, அதே நிறமும் வாசனையும் சேர்த்த வெறும் நல்லெண்ணெய். யாருக்கு எது என்ற பட்டியல் சிதம்பரத்தில் அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. வெறும் நல்லெண்ணெயே இந்தப் போடு போட்டால் அப்புறம் நொச்சிக்கு என்ன மரியாதை?

எலிகளிடம் இந்தத் தொல்லை இருந்ததில்லை. ஆய்வகத்தில் அவற்றின் பாதத்தில் வீக்கம் வரவைத்து, நொச்சிச் சாறு கொடுத்து, மணிக்கு மணி அளந்தாள். குறைந்தால் குறைந்தது, இல்லாவிட்டால் இல்லை. எலி யார் மனசும் நோகக் கூடாதே என்று பார்க்காது. அதை நம்பித்தான் மனுஷர்களிடம் வந்திருந்தாள். இந்த நோட்டு பொய்யென்றால் மூன்று வருஷப் படிப்பு போச்சு. நொச்சி நிஜமாகவே வலிக்குக் கேட்கிறதா என்பதும் தெரியாமலே போய்விடும்.

போன வாரம் ‘ஒண்ணு’ என்று சொன்ன அஞ்சம்மாளை இன்று காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருந்தாள். மீன் கூடையைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவளே எதிரில் வந்து நின்றாள்.

“யக்கா, இன்னைக்கு எவ்ளோ?”

“ஒண்ணு போட்டுக்க கண்ணு.”

“காலைல பஸ்ஸ விட்டு எறங்கினத நான் பாத்தேன்.”

அஞ்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நாங்கதான் பேசி வச்சிக்கிட்டோம். மொதல்ல விருத்தாம்பா ஏழுலேருந்து அஞ்சுன்னு சொல்லச்சொல்ல ஓம் மூஞ்சி அப்பிடியே மலந்து போச்சி. நான் எட்டுன்னதும் சுருங்கிப் போச்சி. வெயில்ல ரெண்டு பஸ்ஸு மாறி வர்ற பொண்ணு. நம்ம வலியச் சொல்லி அதுக்கு எதுக்கு சங்கடம்னுதான்...”

அருள்மொழிக்குக் கோபம் வரவில்லையா? வந்தது. ஆனால் அது தன் மூஞ்சி மேலேயே வந்தது. பெற்ற தாய்கூட அவள் முகத்தை இப்படிக் கவனித்துக் கவனித்துப் பேசியதில்லை. இவ்வளவு பிரியத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எழுந்து நாற்காலியைக் கடல் பக்கமாகத் திருப்பிப் போட்டு, வரிசையில் நின்ற பெண்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். நோட்டில் புதுப் பக்கம் எடுத்து ‘முதல் வாரம்’ என்று எழுதினாள்.

“என் மூஞ்சியப் பாக்காம சொல்லுங்கக்கா. எவ்ளோ பெரிய நம்பரா இருந்தாலும் சரி, எனக்கு நெசம் வேணும்.”



“எட்டு,” என்றாள் அஞ்சம்மாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ராவுல எந்திரிக்கச்சொல்ல பத்து. எங்க வீட்டுக்காரருகிட்டகூட சொன்னதில்ல.”

இரண்டையும் எழுதினாள். எழுத்து கலங்கித் தெரிந்தது. பின்னால் மணலில் ஒரு காலை இழுத்து இழுத்து அடுத்த ஆள் வரும் சத்தம் கேட்டது. அருள்மொழி திரும்பவில்லை. அடுத்த வரியில் பேனாவை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள்.