கூகைப்பாறைக் கயிறு

வெள்ளைக்காரத் துரை தேன் எடுக்கத்தான் வந்திருக்கிறான் என்று பூமாலை முதலில் நினைத்தான். இல்லாவிட்டால் மாட்டு வண்டி பிடித்து ஏரிக்கரை வரைக்கும் வந்து, தோளில் ஒரு சுருள் கயிறும் இடுப்பில் இரும்பு முளைகளுமாக, பச்சைமலை அடிவாரத்துக் கூகைப்பாறையை ஒருவன் எதற்காக இப்படி அண்ணாந்து பார்க்க வேண்டும்? மேலே மூன்று பெரிய தேனடைகள் தொங்கின. மூன்று வருடமாக அவற்றை யாரும் தொடவில்லை. தொட வேண்டிய பூமாலை கீழே நின்று துரையின் கயிற்று நுனியைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தான்.

துரைக்குத் தேன் வேண்டாமாம். வண்டிக்காரன் விளக்கினான். பட்டாளத்து ஆள், லீவில் வந்திருக்கிறான், அவன் ஊரில் மலையும் ஏரியுமான பக்கம் பாறை இருந்தால் சும்மாவே ஏறி இறங்குவார்களாம். மேலே என்ன இருக்கிறது என்று பூமாலை கேட்டதற்கு வண்டிக்காரன் மாட்டை அவிழ்க்கப் போய்விட்டான்.

கயிறு பிடிப்பது பூமாலைக்குப் புதிது. ஆயுசு முழுக்க அவன் தொங்கியவன். பிடித்தவன் கொளஞ்சியப்பன், பூமாலையின் மனைவி பூங்காவனத்தின் தம்பி. தேன் எடுக்கிறவனுக்கு மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பாறை உச்சியில் உட்கார்ந்து கயிறு பிடிக்க வேண்டும், அதுதான் வழக்கம். பங்காளிக்கு நிலத்தின்மேல் கண்; மச்சினனுக்கு அக்காள் தாலியின்மேல் கண். பன்னிரண்டு சித்திரை கொளஞ்சியப்பன் பிடித்தான். இடக்கைக்காரன். அவன் போடும் முடிச்சு மற்றவர்கள் போடுவதற்கு எதிர்ப்பக்கமாக விழும். பூங்காவனம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

காய்ச்சலில் அவள் போனாள். அடுத்த சித்திரையில் கொளஞ்சியப்பன் வரவில்லை. பூமாலையும் கூப்பிடவில்லை. காப்பாற்றத் தாலி இல்லாதபோது எந்த முகத்தோடு கூப்பிடுவது? வரமாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டால் அதைக் கேட்டுக்கொண்டு எந்த வீட்டுக்குத் திரும்புவது? ஒரு ஆள் சோறு பொங்கி, தின்று, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பேச்சுத் துணையில்லாமல் படுத்துக்கொள்ளும் வீடு அது.

முளை அடித்து, அதில் கயிற்றை மாட்டி மாட்டி ஏறிய துரைக்குப் பாதிப் பாறையில் கால் வழுக்கியது. கயிறு விறைத்தது. பூமாலை ஒரு முழம் இழுபட்டு, குதிகாலை மண்ணில் ஊன்றி நின்றான். உள்ளங்கைத் தோல் உரிந்தது. விடவில்லை. துரை உச்சிக்குப் போய், கால் மணி நேரம் ஏரியைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, வெறுங்கையோடு இறங்கி வந்தான். பூமாலையின் கையைப் பார்த்து என்னவோ சொன்னான். வண்டிக்காரன் அதைத் தமிழில் சொன்னான். பர்மாப் பக்கம் சண்டைக்குப் போகிறானாம், கயிற்றை வைத்துக்கொள்ளச் சொல்கிறானாம்.

வண்டி போன பிறகும் பூமாலை தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் துரைக்கு இவன் அக்காளையா கட்டிக்கொடுத்திருந்தான்? பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் பிடித்தான், யோசிக்காமல் பிடித்தான். அப்படியானால் கொளஞ்சியப்பனும் பிடிப்பானோ? ஆசை வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் கொளஞ்சியப்பனின் ஊரான குரும்பலூருக்குப் போய்விட்டான்.

கொளஞ்சியப்பன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். வாங்க என்றான். முகச்சாடை அப்படியே பூங்காவனம். பூமாலை தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நாளைக்குக் காலயில கூகைப்பாறைக்குப் போறேன், மாப்ள."

"கயிறு யாரு?"

"யாருமில்ல. மரத்துல கட்டிக்குவேன்."

கொளஞ்சியப்பன் மாட்டின் கழுத்தைத் தடவினான்.

"கயித்தத் தொட்டா அக்கா நெனப்பு வந்துரும் மாமா. என்னால ஆவாது."

மறுநாள் பூமாலை துரையின் கயிற்றை உச்சி மரத்தில் கட்டி, முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, புகைப்பந்தத்தோடு இறங்கினான். பாறையின் வயிற்றுக்குள் போய்விட்டால் மேலே எதுவும் தெரியாது. காலுக்குக் கீழே ஏரி. பழக்கத்தில் கயிற்றை இரண்டு தரம் சுண்டினான். இருக்கியா என்று கேட்கும் சுண்டு அது. மரம் என்ன சொல்லும்? தனக்கே வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. தேனடையை அறுத்தான். முதல் துண்டு கயிறு பிடித்தவனுக்கு. அதையும் பழக்கத்தில் தனியாக இலையில் மடித்துவிட்டான்.

ஏறி வந்தபோது உச்சியில் யாரும் இல்லை. மரத்தில் அவன் போட்ட முடிச்சுக்குப் பக்கத்திலேயே மிச்சக் கயிற்றில் இன்னொரு முடிச்சு இறுக்கப்பட்டிருந்தது. அது எதிர்ப்பக்கமாக விழுந்திருந்தது.

"மாப்ள" என்று ஒரு தரம் கூப்பிட்டான். மரத்தடியில் ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்குப் புல் நசுங்கிக் கிடந்தது. இலைப்பொட்டலத்தை அதன் ஓரத்தில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றான். புல் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தது.