இரண்டு சிமிட்டல்

ஏழு நாற்பத்தொன்று. சந்தை நிறுத்தத்தைத் தாண்டி நூறு அடி வந்த பஸ், ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி. அதற்கு முன்னால் கண்ணுக்கு எட்டியவரை கார்கள், ஒவ்வொரு காரிலும் ஒற்றை ஆள்.

"அண்ணே, இன்னும் பதினோரு நிமிஷம்தான்," என்றான் கண்டக்டர், கூட்டத்துக்குள்ளிருந்து கழுத்தை மட்டும் நீட்டி.

"மணி எனக்கும் தெரியுதுய்யா. வழிதான் தெரியல," என்றார் ஓட்டுநர்.

ரயில் ஏழு ஐம்பத்திரண்டுக்குக் கிளம்பும். பஸ் ஏழு ஐம்பத்துநாலுக்கு ரயிலடியில் போய்ச் சேர வேண்டும் என்று அட்டவணை சொல்கிறது. பஸ்ஸுக்கு அட்டவணை போடுவது ஓர் அலுவலகம், ரயிலுக்குப் போடுவது வேறொன்று. இரண்டும் ஒரே தெருவில் எதிரெதிரே, கல்யாணத்தை முடித்துவிட்டு முகம் பார்க்காத சம்பந்திகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. ஓட்டுநர் மூன்று மனு எழுதிப் பார்த்துவிட்டார். 'ரயில் நமது துறையைச் சார்ந்தது அல்ல' என்று மூன்றுக்கும் ஒரே பதில். டிப்போ மேலாளர் மட்டும் வாயால் ஒரு யோசனை சொன்னார்: "ரெண்டு நிமிஷம்தானேய்யா, ஓடச் சொல்லு."

ஆனால் இந்த பஸ்ஸில் ரயிலுக்கு வரும் தையல்காரரால் ஓட முடியாது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு மூன்று வருஷம். செவ்வாய், வியாழன், சனி, ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் படுக்க வேண்டும். கால்மணி தாமதமானால் இயந்திரம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ரயில் எட்டு முப்பத்தைந்துக்கு. காரில் போனால், இந்த நெரிசலில், இரண்டு மணி நேரம். போன சனிக்கிழமை இங்கே ஒரு லாரி குடை சாய்ந்து, ரயிலும் போய், இயந்திரமும் போயிற்று. செவ்வாய்க்கிழமை வந்தபோது அவர் கால்கள் தலையணை போல இருந்தன. "படுத்தா மூச்சு வரலன்னு ரெண்டு நாளும் உக்காந்தே இருந்தாரு தம்பி. இன்னொரு தடவை தப்பினா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றாள் அவர் மனைவி, டிக்கெட் கேட்பதுபோல அமைதியாக.

இன்று வியாழன்.

ஒரே ஒரு வாரம் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தண்டவாளத்தில் ஏதோ பழுது என்று ரயில் தினமும் நான்கு நிமிடம் பிந்திக் கிளம்பிய வாரம். அந்த ஏழு நாளும் ஒருவரும் ஓடவில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி படி படியாக எண்ணிக்கொண்டு ஏறினாள். ஆபீஸ்காரர்கள் சிலர் காரை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு வந்தார்கள். சாலைகூடக் கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தது. பிறகு பழுதைச் சரி செய்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் விளக்கு ஏற்பாடு. எழுதி வைக்காத, எந்தத் துறையும் அறியாத ஏற்பாடு. பாலத்திலிருந்து பஸ் இறங்கும்போது முன்விளக்கை ஒருமுறை சிமிட்டினால், 'வந்துகொண்டிருக்கிறேன், பிடி' என்று அர்த்தம். ரயிலின் கடைசிப் பெட்டியிலிருக்கும் கார்டு கதவுகளைத் திறந்தே வைப்பார். நடைமேடை வேலியை ஒட்டி பஸ்ஸை நிறுத்தி, தையல்காரர் ஏறியதும் இரண்டு முறை சிமிட்ட வேண்டும். 'ஏறியாச்சு, விடு.' ஓட்டுநருக்கு கார்டின் முகம் தெரியாது. பச்சைக்கொடி பிடித்த கை மட்டும் தெரியும். ரயில் ஏன் தாமதம் என்று அந்தக் கைக்கு ஒரு மெமோ வந்துவிட்டதாகவும் கேள்வி.

"பேசாமலே குடும்பம் நடத்துறீங்களேண்ணே," என்பான் கண்டக்டர்.

ஏழு நாற்பத்தைந்து. லாரி அசைந்தது. அடுத்தது தபாலாபீஸ் நிறுத்தம், தையல்காரர் ஏறுமிடம். ஓட்டுநர் திகைத்தார். நிறுத்தமே இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் குழாய்க்காரர்கள் குழி வெட்டித் தகரம் அடைத்திருந்தார்கள். தகரத்தில் ஒரு காகிதம். ஓடுகிற பஸ்ஸிலிருந்து அதைப் படிக்கவா முடியும்? அங்கே ஆளே இல்லை.

"தையல்காரர் எங்கய்யா? ஏறிட்டாரா பாரு!"

கண்டக்டர் கேள்வியைப் பின்னால் அனுப்பினான். அது தலை தலையாகக் கைமாறிப் போயிற்று. கடைசிப் படியிலிருந்து பதில் வந்தது: "சந்தையிலேயே ஏறிட்டாரு! பின்பக்கம் இருக்காரு! எடுங்க சார், நேரமாகுது!"

ஓட்டுநருக்கு உயிர் வந்தது. காலை அழுத்தினார். அடுத்த தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் வழக்கமாக யாரும் ஏறுவதில்லை. இறங்க ஆளில்லை என்றால் நிற்காமல் போவது அவருடைய பழைய கணக்கு. ஒன்றரை நிமிடம் மிச்சம். இன்று அங்கே ஒரு குடை உயர்ந்தது.

"அடுத்ததுல வரட்டும். உள்ள ஒரு உசுரு இருக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டு பறந்தார்.

ஏழு ஐம்பத்தொன்று. பாலம். ஒரு சிமிட்டல். தூரத்தில் பச்சைக்கொடி தாழ்ந்தது. கார்டு ரயிலைப் பிடித்து வைத்துவிட்டார்! வேலியை ஒட்டி பஸ் குலுங்கி நின்றது. கூட்டம் கொட்டிற்று, ஓடிற்று, பெட்டிகளுக்குள் புகுந்தது. ஓட்டுநர் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக ஒரு மாணவி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் வெறும் படி.

கண்டக்டர் காலி பஸ்ஸுக்குள் ஒருமுறை போய்த் திரும்பி வந்தான்.

"அண்ணே... இல்ல."

"ஏறிட்டாருன்னு சொன்னாங்களேய்யா!"

"பஸ்ஸ எடுக்க வைக்கணும்னு சும்மா சொல்லியிருப்பாங்க."

குடை. இப்போதுதான் ஓட்டுநருக்கு அது முழுதாகத் தெரிந்தது. கறுப்புக் குடையில் உள்ளங்கை அளவு நீல ஒட்டு. தையல்காரர் தன் கையால் மனைவிக்குத் தைத்துக் கொடுத்தது. அடுத்த நிறுத்தத்துக்குப் போகச் சொன்ன அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, அந்தக் கால்களோடு தண்ணீர்த் தொட்டிவரை நடந்திருக்கிறார்.

"ஃபோன் பண்ணுய்யா."

"மூணு வருஷமா ஏத்துறோம். பேரே தெரியாதேண்ணே. திரும்பிப் போய்க் கூட்டியாந்திரலாமா?"

ஓட்டுநர் பாலத்தைப் பார்த்தார். திரும்பும் பக்கம் முழுக்கக் கார்கள் கல்போல் நின்றிருந்தன.

ஏழு ஐம்பத்துமூன்று. ரயில் எல்லாக் கதவுகளையும் திறந்துகொண்டு நின்றது. உள்ளே ஆட்கள் கடிகாரம் பார்த்தார்கள். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு இடுப்புவரை வெளியே சாய்ந்தார். முதல்முறையாக அவர் முகம் தெரிந்தது. நரைத்த மீசை, மூக்குக்கண்ணாடி. அவர் பஸ்ஸின் படியைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். கொடியைச் சற்றே உயர்த்தி, கேள்விபோல அசைத்தார்.

ஓட்டுநரின் விரல் விளக்குப் பொத்தானின் மேல் இருந்தது.