கோரைப்பல்லில் படிந்த காரை

விக்கிரவாண்டி பக்கம் ஒரு பாழுங்கிணற்றில் தூர் வாரியபோது கிடைத்தது கீழ்த்தாடையும் கொஞ்சம் எலும்பும்தான். இடுப்பெலும்பு அகப்பட்டிருந்தால் ஆணா பெண்ணா என்று அதை வைத்தே சொல்லியிருப்பார்கள். பிறகு திண்டிவனத்துப் பல் டாக்டரைத் தேடிப் போலீஸ் ஏன் வரப்போகிறது? டாக்டர் விருத்தாசலத்துக்கு அதில் பெருமைதான். படிக்கிற காலத்தில் ஊர்ப்பட்ட வாய்களில் கோரைப்பல்லை அளந்து கட்டுரை எழுதியவர். பெரும்பாலும் ஆம்பிளைக்கு அந்தப் பல் அகலம், பொம்பளைக்குக் குறுகல். வித்தியாசம் மயிரிழை.

வெளியே பெஞ்சில் வளவனூர் குப்பம்மாள் காத்திருந்தாள். விக்கிரவாண்டியில் கட்டிக்கொடுத்த மகள் சின்னபொண்ணை ஒரு வருஷத்துக்கு மேலாகக் காணோம். எவனோடோ ஓடிவிட்டாள் என்று மருமகன் துரைக்கண்ணு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். கிணற்றில் கிடந்தது ஆம்பிளையாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டாத சாமி இல்லை.

விருத்தாசலம் வெர்னியர் அளவுகோலை வைத்து இரண்டு பக்கக் கோரைப்பல்லையும் அளந்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் எல்லையான ஏழு மில்லிமீட்டரைத் தாண்டியது. ஆண் என்று எழுதினார். அதோடு நிற்க வேண்டியதுதானே? என்ன அவசரமோ, கதவைத் திறந்து அவளிடமே சொல்லிவிட்டார்.

குப்பம்மாள் அழுதாள். மகள் எவனோடாவது எங்கேயாவது நல்லா இருந்தால் போதும் என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து வறுத்த மல்லாட்டைக் கடலையை எடுத்து அவர் கையில் திணித்தாள். பிறகு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி வாயில் போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

யார் சிரித்தாலும் அவர் கண் பல்லுக்குத்தான் போகும். கீழ்வரிசையில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே கன்னங்கரேலென்று வெற்றிலைக் காரை, பூசின மாதிரி. உள்ளே இருந்த தாடையிலும் அதே கறுப்பு. கிணற்றுச் சேறு என்று ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. பெரிய அளவுக்காரர்! காரையையும் சேர்த்தல்லவா அளந்து வைத்திருக்கிறார்.

"ஒங்க பொண்ணு வெத்தல போடுமாம்மா?"

"புள்ள பெத்தப்ப குடுத்துப் பழக்குனதே நாந்தாங்க. அப்புறம் வுடவேயில்ல. எந்நேரமும் மென்னுக்கினுதான் இருப்பா."

அவர் உள்ளே போய்க் காரையைச் சுரண்டினார். தூளாக உதிர்ந்தது. அடியில் இருந்தது சின்னப் பல். மறுபடி அளந்தார், ஏழுக்கு எட்டவில்லை. மறுபக்கமும் அப்படியே. வெளியே போனார்.

"நான் தப்பா சொல்லிட்டேம்மா. அது பொம்பளையாத்தான் இருக்கணும். யாருன்னு மட்டும் பல்லு சொல்லாது."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, அவர் எதிரில் நின்றாள். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அப்ப எம்பொண்ணு எவங்கூடயும் ஓடலைங்க. ஓடலைன்னு எழுதிக் குடுங்க, ஊருல காட்டணும்."

அதை எழுத எந்தப் பல்லும் போதாது. அவர் பழைய தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளில் பெண் என்று எழுதினார். மேசையில் மல்லாட்டை அப்படியே கிடந்தது.